சும்மா கிடக்கிற தீவு என்று ஒன்று கிடையாது

நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். படிக்காமலே கைகூப்புகிற படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கவனிக்காமல் தலையாட்டுகிற பழக்கம் வகுப்பிலேயே எனக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வீடியோ வந்தது. தூத்துக்குடியில் வேலை பார்க்கிற ஒரு மாணவன், நண்பர்களோடு படகு பிடித்து எதிரே இருக்கிற தீவு ஒன்றின் ஓரம் வரை போயிருக்கிறான். மேலே ட்ரோன் பறக்கிறது. மணல் திட்டில் உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கான சின்னப் பறவைகள் ஒரே வீச்சில் எழும்பிச் சுற்றுகின்றன. பின்னணியில் சினிமாப் பாட்டு. கீழே, "எங்களுக்குப் பறவைகள் கொடுத்த வரவேற்பு!" என்று எழுத்து. சாயங்காலத்துக்குள் அதே வீடியோ எங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். நல்ல பையன். அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவன். இந்தப் பதிவு அவனைத் திட்டுவதற்காக எழுதுவதும் கிடையாது. அந்த வீடியோவுக்குக் கீழே நீங்கள் எல்லோரும் எழுதினீர்களே, அதற்குத்தான் பதில். பொறுக்கி எடுத்தால் மூன்று கருத்து தேறுகிறது.

ஒன்று: "சீசனே இல்லாத நேரத்துல இவ்வளவு பறவையா?"

இரண்டு: "வரவேற்பு சூப்பர் அண்ணே."

மூன்று: "இவ்வளவு பெரிய தீவு சும்மாதானே கெடக்கு. நாலு ரிசார்ட் கட்டுனா ஊரு முன்னேறும்லா."

மூன்றாவது கருத்துக்கு வீடியோவைவிட அதிக லைக். அதில் ஒன்று என் தம்பி மகன் போட்டது. ஏல, நீயுமா?

நான் விலங்கியல் படித்தவள் கிடையாது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுத்த இடைநிலை ஆசிரியை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாகப் பறவை பார்க்கிறேன், நோட்டில் எழுதி வைக்கிறேன், படிக்கிறேன். ஒவ்வொரு கருத்தாகத் திருத்துகிறேன். சிவப்பு மையில்தான்.

முதலில், "சீசன் இல்லாத நேரம்".

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நாம் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் இருந்துகொண்டு கூந்தன்குளத்தை வைத்துப் பறவையைக் கணக்குப் போடுகிறோம். மார்கழி, தை மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வரித்தலை வாத்தையும் பூநாரையையும் பார்க்கிறோம். ஆவணியிலும் புரட்டாசியிலும் நம் பக்கத்துக் குளங்கள் வற்றிக் கிடக்கும். கார் அறுப்பு முடிந்திருக்கும், பிசானத்துக்குத் தண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள். வெயிலும் காற்றும் மண்டையைப் பிளக்கும். குளத்தில் பறவை இல்லை, ஆகவே ஊரிலேயே பறவை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

குழந்தைகளுக்கு நாம் வாங்கிக்கொடுக்கிற படப் புத்தகங்கள் இன்னும் மோசம். செப்டம்பர் என்றால் செம்பழுப்பு இலை உதிர்கிற ஒரு மரத்தின் படம். நம் ஊரில் இலை உதிர்வது மாசி பங்குனியில். அந்தப் படத்தைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குத் தன் ஊர் செப்டம்பரில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

நடப்பதைச் சொல்கிறேன். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியத் தரைகளில் கோடைகாலம் மிகவும் குட்டை. ஜூன், ஜூலைதான். அதற்குள் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து முடித்துவிட வேண்டும். முடித்தவை உடனே தெற்கே கிளம்புகின்றன. வளைமூக்கு உள்ளானில் ஆண் பறவை முதலில் கிளம்பும், பிறகு பெண், கடைசியில் அந்த வருடத்துக் குஞ்சுகள். கொசு உள்ளானும் அந்த வடக்கிலிருந்துதான் வருகிறது. ஒரு நல்ல எலுமிச்சம்பழத்தின் எடைகூட வராத பறவை, 7,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து நம் உப்பளத்தில் இறங்குகிறது. மணல் நிற உப்புக்கொத்திகளில் ஒரு வகை லடாக், திபெத் பக்கத்து மேட்டு நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறது.

இவற்றில் முதலாவதாக வருபவை ஆடிக் கடைசியிலேயே நம் கடற்கரையைத் தொட்டுவிடுகின்றன. ஆவணியில் கூட்டம் பெருகும். புரட்டாசியில் குஞ்சுகள் வந்து சேரும். தை மாதம் நீங்கள் பார்ப்பது வந்து தங்கிக் குடியேறிவிட்ட கூட்டத்தை. வருகிற காலம் இதுதான். கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது போய் உட்கார்ந்துவிட்டு, அதற்கு முன்னால் அங்கே எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் சமையல்காரர் சிரிப்பாரா மாட்டாரா?

அந்தக் குஞ்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோர் முன்னாலேயே போய்விடுகின்றன. பிறந்து சில வாரமே ஆன குஞ்சுகள், வழிகாட்டப் பெரியவர்கள் இல்லாமல், அதற்கு முன் பார்த்திராத தெற்கை நோக்கிப் பறக்கின்றன. 2022 அக்டோபரில் அலாஸ்காவில் கருவி பொருத்திய ஒரு பட்டைவால் மூக்கன், பிறந்து ஐந்து மாதமே ஆன இளம் பறவை, நடுவில் எங்கேயும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. அதே இனப் பறவை மன்னார் வளைகுடாவுக்கும் வருகிறது. நம் பிள்ளையைப் பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷனுக்குத் தனியாக பஸ் ஏற்றிவிட நாம் எத்தனை தடவை யோசிக்கிறோம்!

ஆகவே முதல் கருத்து தப்பு. வீடியோ எடுத்தது சீசன் இல்லாத நேரத்தில் கிடையாது. சீசனின் வாசற்படியில்.

இரண்டாவது, "வரவேற்பு".

அது வரவேற்பு இல்லை ராஜா. பயம்.

மணல் திட்டில் அந்தப் பறவைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று யாராவது யோசித்தீர்களா? உள்ளானும் உப்புக்கொத்தியும் கடல் வற்றும்போது வெளியே தெரிகிற சேற்றிலும் ஈர மணலிலும் புழுவும் சின்ன நண்டும் தேடித் தின்கின்றன. பகல் ராத்திரி பார்ப்பதில்லை. கடல் ஏறி மேய்ச்சல் இடம் முங்கியதும், உயரமான மணல் திட்டில் கூட்டமாக நின்று ஓய்வு எடுக்கின்றன. ஒற்றைக் காலில், அலகைச் சிறகுக்குள் செருகி, காற்று வரும் திசையைப் பார்த்து நிற்கும். நம் வீட்டில் ராத்திரி டூட்டி முடித்துவிட்டு வந்த பிள்ளை மத்தியானம் தூங்குகிற மாதிரி. அந்த நேரத்தில் தலைக்கு மேல் ட்ரோனை விட்டால் எழும்பத்தான் செய்யும். தூங்குகிற வீட்டுக் கதவை இடித்துவிட்டு, ஓடி வந்தவர்கள் நம்மை வரவேற்க வந்தார்கள் என்று எழுதினால் எப்படி?

இன்னொன்றும் உண்டு. ஆவணியில் வருகிற பெரிய பறவைகள் இறக்கை மாற்றுகிற காலம் இது. வளைமூக்கு உள்ளான் வந்து இறங்கும்போது அதன் வயிற்றில் செங்கல் நிறம் இன்னும் மிச்சம் இருக்கும். போன மாதம் தூத்துக்குடி உப்பளத்து ஓரத்தில் நின்று பார்த்தேன். திட்டுத் திட்டாகச் சிவப்பும் வெள்ளையுமாக, பாதி வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. மேல் நிறம் மட்டும் மாறுவதில்லை. அத்தனை தூரம் பறந்து தேய்ந்துபோன பறக்கும் இறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதிது வளர்க்கின்றன. மாதக்கணக்கில் ஆகிற வேலை. அதற்குத் தீனி வேண்டும், அமைதி வேண்டும். அந்த நாட்களில் இறக்கையில் அங்கங்கே இடைவெளி இருக்கும். பறப்பதற்கு வழக்கத்தைவிட அதிகச் சிரமம். அப்போது நாம் ஒரு தடவை எழுப்பினால் ஒரு வேளைச் சாப்பாட்டைப் பிடுங்கிய மாதிரி. ஒரு காலையில் நாலு படகு, நாலு ட்ரோன் போனால்?

மன்னார் வளைகுடாத் தீவுகளில் இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் 1980களில் மண்டபம் பக்கத்து மனோலித் தீவிலும் முயல் தீவிலும் கரைப்பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு, இறகு மாறுவதைக் குறித்து ஆராய்ந்தார். அவர் அங்கே போனது பொழுதுபோகாமல் இல்லை. அந்தத் தீவுகள் கரைப்பறவைகளுக்குத் தென்னிந்தியாவிலேயே முக்கியமான இடங்களில் சேர்ந்தவை.

முயல் தீவு என்றதும் சிலர், "நாங்க காணும் பொங்கலுக்குப் போனோமே, அங்கே ஒண்ணும் இல்லையே" என்பீர்கள். நீங்கள் போனது தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி, நிலத்தோடு சேர்ந்துவிட்ட முயல் தீவு. நான் சொல்வது மண்டபத்துக்கு எதிரே கடலுக்குள் இருக்கிற முயல் தீவு. பெயர் ஒன்று, ஊர் வேறு. நம் பக்கத்தில் எத்தனை சுடலைமாடன் கோயில் இருக்கிறது, எல்லாம் ஒரே கோயிலா?

இப்போது மூன்றாவது கருத்து. என் கோபமெல்லாம் இதன் மேல்தான்.

"சும்மாதானே கெடக்கு."

இராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-ல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. வனத்துறை அனுமதி இல்லாமல் பூங்காவுக்குள் நுழைவது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ரிசார்ட் கட்டுகிற பேச்சை விடுங்கள், கால் வைப்பதற்கே கேட்க வேண்டும்.

தூத்துக்குடிக்கு எதிரே உள்ளவை நாலு: வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி. நாலு என்று பாடத்தில் எழுதுகிறோம். போய்ப் பார்த்தால் விலாங்குச்சல்லி கண்ணுக்குத் தெரியாது. கடலுக்குள் முங்கிவிட்டது. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் அப்படியே.

ஏன் முங்கியது? கடல் மட்டம் உயர்கிறது, அலை அரிக்கிறது, இதெல்லாம் உண்மை. அதற்கு முன்னால் நாம் செய்த வேலை ஒன்று இருக்கிறது. தீவைச் சுற்றி அரண் மாதிரி நின்ற பவளப்பாறையைப் பல பத்தாண்டுகள் வெட்டி வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்தோம். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போட்டோம், கட்டடத்துக்கு வைத்தோம், ஆலைக்கு அனுப்பினோம். 2005 வாக்கில்தான் அது நின்றது. அரண் போன பிறகு அலை நேரே மணலில் அடித்தது. மணல் போனது. மணல் போனபின் தீவு எங்கே இருக்கும்?

அன்றைக்கு வெட்டினவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "கடலுக்குள்ள சும்மா கெடக்குற கல்லுதானே." அதே வார்த்தை. உங்கள் விரலில் இன்றைக்கு வந்த அதே வார்த்தை. ஒரு தீவை ஏற்கெனவே முக்கிய வார்த்தை அது. அதைத் தட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?

வான் தீவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. பெரும்பகுதி கரைந்து, இரண்டாகப் பிளக்கிற நிலைக்கு வந்துவிட்டது. 2015-க்குப் பிறகு தமிழ்நாடு அரசு, சென்னை ஐஐடியும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையமும் துணை நிற்க, தீவைச் சுற்றிக் கடலடியில் ஆயிரக்கணக்கில் கான்கிரீட் அமைப்புகளை இறக்கியது. செயற்கைப் பவளப்பாறை. அலையின் வேகத்தைக் குறைத்து, மணல் திரும்பச் சேர வழி செய்வதற்கு. கடவுள் இனாமாகக் கொடுத்த அரணை வெட்டி விற்றுவிட்டு, மக்கள் வரிப்பணத்தில் கான்கிரீட் அரண் கட்டுகிறோம். இதுதான் "சும்மா கிடந்த" பொருளின் விலை. அந்தத் தீவு நின்றால்தான் தூத்துக்குடிக் கரைக்கும் அலையின் அடி குறையும் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தீவில் என்ன இல்லை என்று கேலி செய்தீர்களோ, அதுவேதான் பறவைக்கு அதன் மதிப்பு. வீடு இல்லை. விளக்கு இல்லை. முக்கியமாக நாய் இல்லை, பூனை இல்லை. கரையில் எங்கே போனாலும் தெருநாய் விரட்டுகிறது. கடல் ஏறிய நேரத்தில் நிம்மதியாகக் கண்ணை மூட அந்த மணல் திட்டு மட்டும்தான் மிச்சம். ரிசார்ட் வந்தால் சாப்பாட்டு மிச்சம் வரும், அதன் பின்னால் எலி வரும், காக்கை வரும், நாய் வரும். பிறகு உங்கள் விருந்தாளிகள் அறையிலிருந்து எந்தப் பறவையைப் பார்ப்பார்கள்?

இன்னொருவர், "வெறும் எருக்கும் முள்ளுப்புதரும்தான் டீச்சர், அதை வெட்டிட்டுப் பூந்தோட்டம் வச்சா வண்ணத்துப்பூச்சியாவது வரும்" என்று எழுதியிருந்தார். தங்கமே, வண்ணத்துப்பூச்சி அந்த எருக்கில்தான் இருக்கிறது.

பூவில் தேன் குடிக்கிறதை மட்டும் பார்த்துவிட்டு வண்ணத்துப்பூச்சிக்குப் பூ போதும் என்று நினைக்கிறோம். முட்டை போடவும் புழு தின்னவும் அதற்குக் குறிப்பிட்ட செடி வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு. கொன்னை வெள்ளையனுக்குக் கொன்றையும் ஆவாரையும். கடலோர உகா மரத்தின் இலையை நம்பியே வாழ்கிற சின்ன வெள்ளை, ஆரஞ்சு நிற வகைகளும் உண்டு. ஊட்டியிலிருந்து ரோஜாப் பதியம் கொண்டுவந்து வைத்தால் இவை அதில் முட்டையிடாது.

புரட்டாசியில் இன்னொரு கூட்டம் நகர்கிறது. நீலவரியன், கருநீலவரியன், வெண்புள்ளிக் கருப்பன். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கு இறங்குபவை, புரட்டாசி ஐப்பசியில் வடகிழக்கு மழையை ஒட்டித் திரும்ப மலையைப் பார்த்துப் போகின்றன. கிருஷ்ணமேக் குந்தே என்ற ஆராய்ச்சியாளர் 2005-ல் இந்த இடம்பெயர்தலைப் பற்றி விரிவாக எழுதினார். ஒன்றரைக் கிராம்கூடத் தேறாத உயிர் ஒன்று காற்றைக் கணக்குப் பார்த்துப் பயணம் போகிறது.

இந்த வரியன்களின் ஆண்கள் போகிற வழியில் தேள்கொடுக்குச் செடியையும் கிலுகிலுப்பையையும் தேடி உட்காரும். காய்ந்த தண்டையும் விடாது. அந்தச் செடிகளில் இருக்கிற ஒரு கசப்புச் சத்தை உறிஞ்சி எடுத்துத்தான் பெண்ணைக் கவர்கிற வாசனையைத் தயாரிக்கின்றன. போன வருடம் புரட்டாசி முதல் வாரம், பழையகாயலுக்கு இந்தப் பக்கம், உப்பளத்தை ஒட்டிய தரிசில் ஒரே தேள்கொடுக்குச் செடியில் நீலவரியன் 11 எண்ணினேன். இந்த வருடம் அந்த இடத்தில் செடி இல்லை. யாரோ ஜேசிபி விட்டு "சுத்தம்" செய்துவிட்டார்கள். தரிசு, புறம்போக்கு, சும்மா கிடந்த இடம்.

2019-ல் அரசு தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தபோது உங்களில் பாதிப் பேர் முகப்புப் படத்தை மாற்றினீர்கள். பெருமைதான். அந்தப் பெருமையில் ஒரு எருக்கஞ்செடிக்குக் கொல்லையில் இடம் விட்டவர்கள் எத்தனை பேர்?

நம் திருநெல்வேலியில் 1912-ல் பிறந்தவர் மா. கிருஷ்ணன். "தி ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். புலியையும் யானையையும் மட்டும் அவர் எழுதவில்லை. காக்கையை, அணிலை, வீட்டுப் பக்கத்துப் புதரில் இருந்ததை எல்லாம் எழுதினார். அப்படி ஒருவர் பிறந்த ஊர்க்காரர்கள் புதரைப் பார்த்து "ஒண்ணும் இல்லை" என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது நியாயமான ஒரு கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டில் இருக்கிற ஒரு மாணவி தனியாக எழுதினாள்: "டீச்சர், பறவை பறவைன்னு சொல்றீங்க, அந்த ஊரு ஜனங்க பிழைப்புக்கு என்ன செய்வாங்க?" நல்ல கேள்வி. அதற்குத்தான் நான் கூடுதலாகக் கோபப்படுகிறேன்.

பூங்கா அறிவித்தபோது முதலில் இடம் இழந்தவர்கள் மீனவர்கள். தலைமுறையாகத் தீவில் இறங்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு வந்தவர்களை இறங்காதே என்றார்கள். கடற்பாசி எடுக்கிற பெண்கள் எத்தனையோ தொல்லை பட்டார்கள். அப்படியும் இராமநாதபுரம் மாவட்டத்துப் பாசிப் பெண்கள் கூடிப் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் கடலில் இறங்குவது, இந்த இடத்தைத் தொடுவதில்லை என்று தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது இதற்காகத்தான். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கையெல்லாம் கீறிக்கொண்டு பாசி எடுக்கிற அந்த அம்மா, "அடுத்த தலைமுறைக்கும் பாசி வேண்டுமே" என்று நாள் கணக்கு வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு போகிற நாம் "சும்மாதானே கெடக்கு" என்கிறோம். அந்த இடத்தைக் காப்பதற்காக ஏழைகள் விட்டுக்கொடுத்ததை, பொழுதுபோக்குக்காக நாம் எடுத்துக்கொள்ளலாமா? ரிசார்ட் வந்தால் முதலாளி அவர்களா? அங்கே பாத்திரம் கழுவுகிற வேலைதான் அவர்களுக்குக் கிடைக்கும். இதுவா முன்னேற்றம்?

பறவைக்காக ஜனங்கள் சிரமப்படுகிற கதை நம் ஊருக்குப் புதிது கிடையாது. கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்தில் நாரை கூடு கட்டுகிறது, எச்சம் தலையில் விழுகிறது, யாரும் விரட்டுவதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகப் போகிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் பயந்துவிடும் என்று பல வருடமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. படிப்பறிவு அதிகம் இல்லாத கிராமத்துப் பெரியவர்கள் எடுத்த முடிவு அது. நீங்கள் எல்லோரும் பட்டம் வாங்கினவர்கள்.

நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் இருக்கிற மரியாதை உள்ளானுக்கு இல்லை. காரணம் லேசானது. நாரை பெரிது, கண் முன்னால் குஞ்சு பொரிக்கிறது. உள்ளான் சின்னது, மண் நிறம், பிள்ளை பெறுவது நமக்குத் தெரியாத தேசத்தில். நம் தாத்தாமாருக்கு உள்ளானைத் தெரிந்ததே கறியாகத்தான். நாம் அதையும் மறந்துவிட்டு, வீடியோவில் புள்ளி புள்ளியாகப் பறக்கிற அலங்காரமாக ஆக்கிவிட்டோம்.

குளங்களில் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஜனவரியில். அருமையான வேலை. உங்களில் சிலர் அதில் கலந்துகொள்வது எனக்குப் பெருமை. ஆனால் கணக்கு எடுப்பது தை மாதம், புதரை வெட்டுவதும் ட்ரோன் விடுவதும் ஆவணி மாதம் என்றால், தை மாதக் கணக்கில் குறைகிற எண்ணுக்கு யார் பொறுப்பு? ஆவணி புரட்டாசியிலும் நம் கண் கடற்கரைப் பக்கம் திரும்ப வேண்டும். யாரும் பார்க்காத மாதத்தில் நடக்கிற சேதம் எந்த நோட்டிலும் ஏறாது.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் நான் வகுப்பு முடித்ததில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

1. அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள் எல்லோரும் நீக்கிவிடுங்கள். ஒருவர் போட்டதைப் பார்த்துப் பத்துப் பேர் படகு பிடிப்பார்கள்.

2. தீவுக்குப் போகாதீர்கள். பார்க்க ஆசையாக இருந்தால் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற பாதையில் முத்தையாபுரம், பழையகாயல் பக்கத்து உப்பளங்களின் ஓரத்தில் காலை வேளையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். மழை தொடங்குகிற வரை உப்பு வேலை நடக்கும், பாத்திகளில் தண்ணீர் இருக்கும், உள்ளான் நிற்கும். வரப்பில் ஏறி வேலை செய்கிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறது என்றால் நீங்கள் ரொம்பக் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டு எட்டு பின்னால் வாருங்கள்.

3. பார்த்ததை எழுதுங்கள். தேதி, இடம், எத்தனை. இப்போது போனிலேயே இபேர்டில் பதியலாம். முடியாதவர்கள் நோட்டில் எழுதுங்கள். செப்டம்பர் மாதத்துக் குறிப்பு ஒன்று, ஜனவரி மாதத்துக் குறிப்பு பத்துக்குச் சமம். அவ்வளவு குறைவாக இருக்கிறது.

4. வீட்டுக் கொல்லையில், பள்ளி வளாகத்தில், ஒரு மூலையை வெட்டாமல் விடுங்கள். எருக்கு, ஆவாரை, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு இருந்தால் அங்கே மருந்து அடிக்காதீர்கள். இப்போது பள்ளியில் வேலை பார்க்கிற என் மாணவர்கள் ஆறு பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் ஆறு பேரிடமும் ஆளுக்கொரு மூலை கேட்கிறேன்.

5. குளம், தேரி, உப்பளத்து ஓரம், தீவு, எதைப் பற்றியும் "சும்மா கிடக்கு" என்று எழுதுவதற்கு முன் ஒரு காலை அங்கே போய் நின்று, என்ன வருகிறது என்று எண்ணிவிட்டு எழுதுங்கள்.

புரட்டாசிச் சனிக்கிழமை என்று கறி மீன் தொடாமல் விரதம் இருக்கிறீர்கள். நானும் இருக்கிறேன். தட்டில் உயிரை விட்டுவைத்த புண்ணியத்தை மணல் திட்டில் தொலைத்துவிடாதீர்கள்.

என் தம்பி மகன் இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணுவான். "அத்தை, எல்லார் முன்னாலயும் இப்படிச் சொல்லிட்டீங்களே" என்பான். சொல்லட்டும். அந்த லைக்கை எடுத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்